திராட்சை வெட்டு நாளில் கம்பத்துக்கு: முதல் தடவை போகும் சென்னைக்காரர்களுக்கு

கோயம்பேட்டில் பன்னீர் திராட்சை வாங்கும்போது எங்கள் அம்மா முதலில் குலையைத் தூக்கி முகர்ந்து பார்ப்பார். வாசனை தூக்கலாக இருந்தால் இரண்டு கிலோ, இல்லையென்றால் அரைக் கிலோ. முப்பது வருடமாக இதே கணக்குதான். அந்த வாசனை ஏன் ஒரு நாள் இருக்கிறது, ஒரு நாள் இல்லை என்பது எனக்குக் கம்பத்தில் ஒரு பந்தலுக்கடியில் நின்றபோதுதான் புரிந்தது.

மாங்காயைப் பறித்து வைக்கோலில் வைத்தால் பழுக்கும். வாழைத்தாரை அறையில் தொங்கவிட்டால் பழுக்கும். திராட்சை அப்படி இல்லை. கொடியை விட்டு அறுபட்ட நிமிடத்தில் என்ன இனிப்பு இருந்ததோ அதுதான் அதற்குக் கடைசி இனிப்பு. அப்புறம் வாடும், உதிரும், ஒருபோதும் பழுக்காது. லாரியில் ஐந்நூறு கிலோமீட்டர் தாங்க வேண்டும் என்று இரண்டு நாள் முன்கூட்டியே வெட்டினால் அந்த இரண்டு நாள் இனிப்பும் வாசனையும் போனதுதான். பன்னீர் திராட்சையை அதன் முழு ருசியில் சாப்பிட வேண்டுமானால் அது இருக்கும் இடத்துக்கு, அதன் நாளில், நாம் போக வேண்டும். எப்படிப் போவது, போய் என்ன செய்வது என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் நாள் குறிக்க வேண்டும்

தேனி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு ஒட்டினாற்போல் கிடப்பது கம்பம் பள்ளத்தாக்கு. கம்பம், உத்தமபாளையம், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, இராயப்பன்பட்டி, கூடலூர் என்று வரிசையாகத் திராட்சை ஊர்கள். 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இந்தக் கொடியைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். உலகம் மஸ்கட் ஹாம்பர்க் என்று அழைக்கும் ரகத்துக்கு நாம் வைத்துக்கொண்ட பெயர் பன்னீர் திராட்சை. 2023-இல் ‘கம்பம் பன்னீர் திராட்சை’ புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது.

பிரான்சிலோ இத்தாலியிலோ குளிர்காலத்தில் கொடி இலை உதிர்த்துத் தூங்கும். அதனால் அங்கே ஆண்டுக்கு ஒரே அறுவடை, ஆகஸ்டிலிருந்து அக்டோபருக்குள். நம் வெயிலில் கொடி தூங்குவதே இல்லை. அதை வழிக்குக் கொண்டுவருவது கவாத்து. கொடியைக் கழித்து நான்கு மொட்டு அளவுக்கு விட்டால் புதுத் துளிர் வரும், துளிரோடு பூ வரும், மூன்றரை நான்கு மாதத்தில் பழம் வெட்டுக்கு வரும். பொதுவாக மார்கழி, தை வாக்கில் கவாத்து செய்தால் மார்ச், ஏப்ரலில் வெட்டு. மே, ஜூனில் கவாத்து செய்தால் ஆகஸ்ட், செப்டம்பரில் வெட்டு. பன்னீர் திராட்சையில் இரண்டு வருடத்துக்கு ஐந்து மகசூல்கூட எடுக்கிறார்கள். எல்லாத் தோட்டமும் ஒரே நாளில் கவாத்து செய்வதில்லை. எனவே பள்ளத்தாக்கில் ஏதாவது ஒரு மூலையில் பழம் இருந்துகொண்டேதான் இருக்கும்.

இருந்தாலும் முதல் தடவை போகிறவர்கள் மார்ச் கடைசியில் போங்கள். மழை இருக்காது. வெயில் ஏறியிருக்கும், இனிப்பும் ஏறியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். பழுக்கும் நேரத்தில் மழை பெய்தால் பழம் தண்ணீரை உறிஞ்சித் தோல் வெடித்துவிடும். அந்த நேரத்தில் தோட்டத்துக்காரர்கள் இருக்கும் மனநிலையில் நாம் போய் வேடிக்கை பார்ப்பது சரியல்ல. சித்திரையில் போவதாக இருந்தால் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் திருவிழா எப்போது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வாரம் தேனி வட்டாரத்தில் பஸ்ஸிலும் லாட்ஜிலும் இடம் கிடைப்பது கஷ்டம்.

ரயிலா, பஸ்ஸா

மதுரை–போடி மீட்டர் கேஜ் பாதையை 2010 கடைசியில் மூடினார்கள். அகலப்பாதையாகி 2022-இல் தேனி வரையும் 2023 ஜூனில் போடி வரையும் ரயில் வந்தது. இப்போது எம்.ஜி.ஆர். சென்னை சென்ட்ரலிலிருந்து போடிநாயக்கனூருக்கு வாரத்தில் மூன்று நாள், திங்கள், புதன், வெள்ளி இரவுகளில் ரயில் இருக்கிறது. திரும்பி வருவது செவ்வாய், வியாழன், ஞாயிறு இரவுகளில். வெள்ளி இரவு ஏறி ஞாயிறு இரவு திரும்பினால் திங்கள் காலை சென்னை. இந்தப் பயணத்துக்கென்றே போட்டுக் கொடுத்த மாதிரி. டிக்கெட் எடுக்கும்போது நேரத்தையும் நாளையும் ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள். ரயில் கிடைக்காவிட்டால் கிளாம்பாக்கத்திலிருந்து தேனி, கம்பம், குமுளி பக்கம் போகும் பஸ்கள் இருக்கின்றன.

தேனியில் இறங்கி குமுளி போகும் பஸ்ஸில் ஏறினால் வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் தாண்டி ஏறக்குறைய 40 கிலோமீட்டரில் கம்பம். ஜன்னல் ஓரம் உட்காருங்கள். நெல், வாழை, தென்னை என்று மாறி மாறி வரும். திடீரென்று தரையிலிருந்து ஆளுயரத்துக்கு ஒரு பச்சைக் கூரை மட்டும் விரிந்து கிடக்கும். அதுதான் திராட்சைப் பந்தல்.

சனிக்கிழமை தோட்டம் தேட, ஞாயிறு காலை பார்க்க

நான் முதல் தடவை செய்த தவறு இதுதான். சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஊரில் இறங்கி, அடித்துப் பிடித்து ஆட்டோவில் ஒரு தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. வெட்டு முடிந்து, வண்டி கிளம்பி, ஆட்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். உதிர்ந்த பழத்தைக் குளவி மொய்த்துக்கொண்டிருந்ததுதான் மிச்சம். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பழம் குளிர்ச்சியாக இருக்கும், பெட்டிக்குள் வேகாது. அதனால் வேலை விடியும்போதே தொடங்கிவிடும்.

ஆகவே சனிக்கிழமையை அவசரப்படாமல் செலவழியுங்கள். கம்பத்தில் அறை எடுத்துக்கொண்டு சாயங்காலம் சுருளிப்பட்டி சாலைப் பக்கம் போங்கள். சுருளி அருவிக்குப் போகிற வழி என்பதால் அங்கே சில தோட்டங்களில் வெளியாட்களை உள்ளே விடுவார்கள். வாசலிலேயே பழமும் ஜூஸும் விற்பார்கள். தேக்கடி பார்த்துவிட்டு வரும் கேரள வண்டிகள் நிறைய நிற்கும். அது ஒரு பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வெட்டைப் பார்க்க வேண்டுமென்றால் இன்னும் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். டீக்கடையில் உட்கார்ந்து, “அண்ணே, நாளைக்கு எந்தத் தோட்டத்துல வெட்டு?” என்று கேளுங்கள். யாராவது ஒருவருக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். பழம் வாங்கும் வியாபாரியோ, பெட்டி ஏற்றும் வண்டிக்காரரோ, வெட்டுக்குப் போகும் ஆளோ அங்கேயே டீ குடித்துக்கொண்டிருப்பார்.

தோட்டத்துக்காரரிடம் நேரில் போய் அனுமதி கேளுங்கள். எத்தனை பேர் வருகிறோம், பழம் எவ்வளவு வாங்கிக்கொள்கிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பல தோட்டங்களில் பழத்தை வியாபாரிக்கு மொத்தமாகப் பேசி விட்டிருப்பார்கள். அப்படியானால் வியாபாரியின் சம்மதமும் வேண்டும். மறக்காமல் ஒரு கேள்வி: கடைசியாக மருந்து எப்போது அடித்தீர்கள்? மருந்து அடித்த தோட்டத்துக்குள் உடனே போகக் கூடாது, கொடியில் கைவைத்துச் சாப்பிடவும் கூடாது. இதைக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பந்தலுக்குள்

ஆறு மணிக்கு உள்ளே இருங்கள். முழுக்கைப் பருத்திச் சட்டை, தொப்பி, சேறு பட்டால் பரவாயில்லை என்ற செருப்பு. உயரமானவர்கள் தலையைப் பார்த்து நடக்க வேண்டும். பந்தல் கம்பி சரியாக நெற்றிக்கு வரும். குழந்தைகளைக் கூட்டிப் போனால் ஓட விடாதீர்கள். இழுவைக் கம்பிகள் தரையோடு கட்டியிருக்கும், இடறும்.

உள்ளே நுழைந்ததும் வெளிச்சம் பச்சையாகிவிடும். மேலே இலை, இலைக்குக் கீழே வரிசையாகக் கருநீலக் குலைகள், அதற்கும் கீழே குனிந்தபடி ஆட்கள். பெரும்பாலும் பெண்கள்தான். ஒருவர் குலையை வெட்டுவார். இன்னொருவர் அதை வாங்கி, சின்னக் கத்தரியால் வெடித்த பழம், பழுக்காத பழம், வண்டு கடித்த பழம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நறுக்கி எடுப்பார். அப்புறம் காகிதம் விரித்த பெட்டியில் காம்பு மேலே இருக்கும்படி அடுக்குவார். கடையில் நாம் பார்க்கும் குலை ஏன் அவ்வளவு லட்சணமாக இருக்கிறது என்றால், யாரோ ஒரு அக்கா ஒரு நிமிடம் அதைக் கையில் வைத்துத் திருத்தியிருக்கிறார்.

அந்த அக்காமார்களில் ஒருவர் எனக்குக் கற்றுத்தந்தது இது. நான் ஆசையாக ஒரு குலையை உள்ளங்கையில் ஏந்தினேன். “தம்பி, காம்பப் பிடிங்க, பழத்தத் தொடாதீங்க” என்றார். கையை எடுத்துப் பார்த்தால் என் விரல் பட்ட இடமெல்லாம் கறுப்பாகப் பளபளத்தது. மற்ற இடத்தில் விபூதி பூசிய மாதிரி மெல்லிய வெண்மை. அந்த வெண்மை கலைந்தால் பழம் பழசுபோலத் தெரியும், மார்க்கெட்டில் விலை குறையும். என்னுடைய ஒரு தொடுதலில் அவர் வேலைக்கு நஷ்டம். அந்தக் குலையை நானே காசு கொடுத்து வாங்கிக்கொண்டேன்.

இன்னொன்று. குலையின் நடுவிலிருந்து ஒற்றைப் பழத்தைப் பிய்க்காதீர்கள். பிய்த்த இடத்தில் சாறு கசியும், அங்கிருந்து பக்கத்துப் பழங்களும் அழுகும். ருசி பார்க்க வேண்டுமென்றால் கேளுங்கள், ஒரு சின்னக் குலையை வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். அதன் நுனிப் பழத்தை முதலில் சாப்பிடுங்கள். குலையில் கடைசியாகப் பழுப்பது நுனிதான். நுனி இனித்தால் முழுக் குலையும் இனிக்கும். வாயில் போட்டதும் தோல் வெடித்து, முதலில் வாசனை மூக்குக்குப் போகும், அப்புறம்தான் இனிப்பு நாக்குக்கு வரும். அரைக் கிலோ வாங்குவதா இரண்டு கிலோ வாங்குவதா என்று அம்மா தேடிய வாசனை அதுதான்.

படம் எடுக்குமுன் வேலை செய்பவர்களிடம் கேளுங்கள். வெட்டு நேரத்தில் அவர்கள் கையை நிறுத்திப் பேச்சுக் கொடுக்காதீர்கள். ஒன்பது மணி வாக்கில் சாப்பாட்டுக்கு உட்காருவார்கள். அப்போது கூடவே உட்கார்ந்தால் எந்த வருடம் நல்ல விலை, எந்த வருடம் மழை கெடுத்தது என்று எல்லாம் தானாக வரும்.

வெள்ளையாக இருப்பது என்ன?

சென்னையில் எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். பழத்தின் மேல் சீராகப் படிந்திருக்கும் மெல்லிய வெண்மை மருந்து இல்லை. பழமே சுரக்கும் மெழுகு அது. ஈரம் வற்றாமல் காக்கிறது. அது இருந்தால் பழம் அதிகம் கைபடாமல் வந்திருக்கிறது என்று அர்த்தம். ஆனால் திட்டுத் திட்டாக, சொட்டுச் சொட்டாக நீலம் கலந்த வெள்ளைக் கறை தெரிந்தால் அது மருந்தின் கறையாக இருக்கலாம். மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை அடிச்சாம்பல் நோய்க்காக அடிப்பது.

இந்தக் கலவைக்கே ஒரு திராட்சைக் கதை உண்டு. பிரான்சில் போர்டோ பக்கம் சாலையோரக் கொடிகளில் வழிப்போக்கர்கள் பழம் பறித்துவிடுகிறார்கள் என்று விவசாயிகள் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்துத் தெளித்து வைத்தார்கள், பார்த்தாலே யாருக்கும் தின்னத் தோன்றாது. அந்தக் கொடிகளுக்கு மட்டும் நோய் வரவில்லை என்பதை மில்லார்டே என்ற பேராசிரியர் கவனித்து 1885-இல் வெளியிட்டார். இன்றும் கம்பத்தில் அதையேதான் கலக்குகிறார்கள். எதுவானாலும் சாப்பிடுமுன் ஓடும் தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசிவிடுங்கள். பயந்து ஒதுக்க வேண்டியதில்லை.

மிச்ச நேரத்தில்

பத்து மணிக்கு மேல் தோட்டத்தில் வேலை குறைந்துவிடும். சுருளி அருவி கம்பத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர். தண்ணீர் அதிகமானாலோ யானை நடமாட்டம் இருந்தாலோ வனத்துறை அடைத்துவிடும், கேட்டுவிட்டுப் போங்கள். எனக்கு அதைவிட முக்கியம் குமுளி மலையடிவாரத்தில் இருக்கும் லோயர் கேம்ப். இந்தப் பள்ளத்தாக்கு பச்சையாக இருப்பதற்குக் காரணம் 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை. அதைக் கட்டிய பென்னிகுயிக்கின் மணிமண்டபம் அங்கே இருக்கிறது. அவர் பிறந்த ஜனவரி 15 அன்று அங்கே பொங்கல் வைக்கிறார்கள். கம்பம் பக்கம் பல வீடுகளில் சாமி படத்தோடு அவர் படமும் மாட்டியிருக்கும். சாப்பாட்டுக்குக் கம்பத்தில் பிரியாணியும் பரோட்டா சால்னாவும் நன்றாகக் கிடைக்கும்.

ஒயின் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு

கம்பத்தில் விளைவது பெரும்பாலும் சாப்பிடும் பழம், ஜூஸ் பழம். ஒயினுக்கென்றே வளர்த்த கொடிகளைப் பார்க்க வேண்டுமென்றால் சென்னைக்குப் பக்கம் பெங்களூர்தான். அங்கிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டரில் நந்தி மலை, அதன் அடிவாரத்தில் தொட்டபள்ளாபுரம் பக்கம் குரோவர் ஜாம்பா ஒயின் நிறுவனத்தின் தோட்டம். பெரிய அளவில் பார்க்க வேண்டுமென்றால் நாசிக். கங்காபூர் அணைப் பக்கம் 1999-இல் தொடங்கிய சுலா, அதைச் சுற்றி இன்னும் பல ஒயின் தோட்டங்கள். நாசிக்கில் வெட்டு ஜனவரியிலிருந்து மார்ச் வரை. பருவத்தில் தொட்டியில் இறங்கித் திராட்சையைக் காலால் மிதிக்க விடுவார்கள். முன்பதிவு செய்துவிட்டு, அடையாள அட்டையோடு போங்கள். வண்டி ஓட்டுபவர் குடிக்க வேண்டாம். பாட்டிலை மாநிலம் தாண்டிக் கொண்டுவரத் தனி விதிமுறைகள் உண்டு. என் யோசனை, அங்கேயே ருசித்துவிட்டு வெறுங்கையோடு திரும்புங்கள்.

ஒயின் பழம் சின்னதாக, தோல் தடித்து, விதையோடு இருக்கும். பெரிய பழம்தான் உயர்ந்தது என்று நினைத்துப் போகிறவர்களுக்கு இது ஆச்சரியம். ஒயினின் நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்துதான் வருகின்றன. தோல் அதிகம், சாறு குறைவு என்றால் அழுத்தம் கூடும். நம் பன்னீர் திராட்சையையே உரித்துப் பாருங்கள், உள்ளே சதை வெளிர் பச்சை. நிறமெல்லாம் தோலில். அந்தக் காலத்தில் காலால் மிதித்ததிலும் ஒரு நுட்பம் இருக்கிறது: பாதம் பழத்தை நசுக்கும், விதையை உடைக்காது. விதை உடைந்தால் கசப்பு இறங்கிவிடும்.

பழத்தோடு வீடு திரும்புதல்

முதல் தடவை ஐந்து கிலோவைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ரயிலில் சீட்டுக்கு அடியில் வைத்தேன். சென்னையில் இறங்கும்போது அடியில் இருந்த இரண்டு கிலோ கூழாகிவிட்டது. அட்டைப்பெட்டி கேளுங்கள், தோட்டத்திலேயே தருவார்கள். அடியில் செய்தித்தாள், ஒரே அடுக்கு, அதிகம் போனால் இரண்டு அடுக்கு. பெட்டியில் காற்று போக ஓட்டை இருக்க வேண்டும். கழுவி வைக்காதீர்கள், ஈரம் பட்டால் பூஞ்சை வரும். காம்பு பச்சையாக இருக்கும் குலைகளாகப் பார்த்து எடுங்கள். வீட்டில் கழுவாமலே ஃப்ரிட்ஜில் வைத்து, வேண்டியபோது வேண்டிய அளவு அலசுங்கள்.

உதிர்ந்த பழத்தை ஜூஸாக்கிவிடலாம். ஒரு கிலோ பழத்தை அலசி, மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு, சின்னத் தீயில் பத்து நிமிடம். தோல் வெடித்துத் தண்ணீர் ஊதா நிறமானதும் இறக்கி ஆறவிட்டுக் கையால் பிசைந்து வடிகட்டுங்கள். மிக்சியில் போடாதீர்கள், காரணம் மேலே சொன்ன அதே விதைதான். சர்க்கரை உங்கள் விருப்பம், பழம் நன்றாக இருந்தால் வழக்கமாகப் போடுவதில் பாதி போதும். ஒரு துண்டு இஞ்சி தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்தால் எங்கள் வீட்டில் குழந்தைகளே கேட்டு வாங்கிக் குடிக்கிறார்கள். இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுங்கள். கிறிஸ்துமஸுக்கு வீட்டில் ஒயின் போடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் தயாரிப்பது சட்டப்படி குற்றம், அதனால் வேண்டாம்.

கிளம்புமுன் தோட்டத்துக்காரரின் போன் நம்பரை வாங்கிக்கொண்டு, அடுத்த கவாத்து எப்போது என்று கேட்டுவிடுங்கள். அந்தத் தேதியிலிருந்து மூன்றரை மாதம் எண்ணி, அந்த வாரம் மறுபடி ஒரு போன். “இன்னும் பத்து நாள் கழிச்சு வாங்க தம்பி” என்பார். அந்தப் பத்து நாளை எண்ணி வெள்ளிக்கிழமை டிக்கெட்டைப் போட்டுவிடுங்கள்.